பதினாறு இடங்களில் அம்மா

பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

ஆறு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். வேறு எண்ணிலிருந்து அழைத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். கிழித்துப் போடுவதென்றால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

நான் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறேன் என்பது தெரியாது. நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டியின் செல்களைக் குடுவைகளில் வளர்த்து, அவற்றின் மேல் மருந்து போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. ஐந்து வருடமாக ஒரே வகைச் செல்களைத்தான் வளர்க்கிறேன். ஒரு திசு வங்கியிலிருந்து வாங்கியவை. அவற்றுக்குப் பெயர் கிடையாது, நாற்பத்தொன்று என்று ஓர் எண் மட்டும். கூடவே வந்த அட்டையில் "பெண், வயது ஐம்பத்திரண்டு, தைராய்டு கட்டி" என்றும், எடுத்த மாதமும் வருடமும் இருக்கும். யாருடையது என்று நாங்கள் கேட்கக் கூடாது. அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் கட்டுரையை அச்சிடப்போகும் பத்திரிகை ஒரு நிபந்தனை வைத்திருந்தது. செல்கள் வேறெதனோடும் கலந்துவிடவில்லை என்று மரபணு அடையாளச் சோதனை செய்து காட்ட வேண்டும். எங்கள் டெக்னீஷியன் புது இயந்திரத்தைச் சரிபார்க்க, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நல்ல ஆரோக்கியமான ஆள் ஒருவரின் மாதிரியும் வேண்டும் என்றார். நான்தான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து எடுத்துக்கொண்டார்.

போன திங்கட்கிழமை காலை இரண்டு தாள்களோடு வந்தார். "என்ன மேடம், நாற்பத்தொன்னு உங்களுக்குச் சொந்தமா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அந்தச் சோதனையில் மரபணுவின் பதினாறு இடங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. நாற்பத்தொன்றின் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பதினாறு இடங்களிலும் ஓர் எண் ஒன்றாக இருக்கிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. யாரோ தூரத்துச் சொந்தம் என்றால் சில இடங்களில் பொருந்தும், சில இடங்களில் பொருந்தாது. இப்படிப் பொருந்துவது பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான்.

இன்னும் இரண்டு முறை செய்யச் சொன்னேன். அதேதான் வந்தது.

அட்டையில் இருக்கும் மாதம் அம்மாவுக்கு அறுவை நடந்த மாதம். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. நீ என்னிடம் "தொண்டையில் கட்டி" என்று மட்டும்தான் சொன்னாய். குரல்வளை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நாம் எதையுமே பேசவில்லை.

அந்தச் செல்களை நான் என்னவெல்லாம் செய்திருக்கிறேன் தெரியுமா? சர்க்கரை கொடுக்காமல் பட்டினி போட்டிருக்கிறேன். சூடு ஏற்றியிருக்கிறேன். மூச்சுக்காற்றைக் குறைத்திருக்கிறேன். எவ்வளவு நெருக்கடியைத் தாங்கும், எப்போது சாகும் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறேன். எளிதில் சாகாததால் எங்கள் கூடத்தில் அவற்றுக்குப் "பிடிவாதக்காரி" என்று பட்டப்பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

அம்மாவின் உடம்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளச் சொல்லி யார் கையெழுத்துப் போட்டது? நீயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சாகப் போகிறாள் என்பதையும் நீ சொல்லவில்லை. கடைசிப் பரீட்சை எழுதி முடித்த பிறகுதான் சொன்னாய். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பதில் எழுது.

தங்கை

*

பிப்ரவரி 16

உன் கடிதம் கிடைத்தது. முழுவதும் படித்தேன். இரண்டு முறை.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. வேலை முடிந்ததும் "பழுது நீக்கப்பட்டது, கதவு உருளை மாற்றப்பட்டது" என்று லிஃப்ட் அறையில் இருக்கும் நோட்டில் எழுதுவேன். அவ்வளவுதான். அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கையெழுத்து நான் போடவில்லை. அம்மாவே போட்டார். அறுவைக்கு முந்தின நாள் ஒரு டாக்டரம்மா படிவத்தோடு வந்து, கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா, அது வெளியேயும் வளரலாம், பல வருடம் இருக்கலாம் என்று விளக்கினார். நான் வேண்டாம் என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டாக்டரம்மாவிடம், "இருபத்தாறு வருஷம் சட்டைக் கம்பெனியில காலர் தைச்சேன். போன பிறகும் என்னைச் சும்மா விடமாட்டீங்களா? சரி, ஓவர்டைம்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

பட்டினி போட்டேன், சூடு வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். குடுவையில் இருப்பது அம்மா இல்லை. அம்மா இறந்துபோய்விட்டார். கடைசி பதினொரு நாள் நான்தான் கூட இருந்தேன். அவர் எப்போது வலியில் இருந்தார், எப்போது இல்லை என்பது எனக்குத் தெரியும். நீ அவருக்கு ஒரு வலியும் கொடுக்கவில்லை. இதை மட்டும் என் பேச்சை நம்பி எடுத்துக்கொள்.

பிடிவாதக்காரி என்று பெயர் வைத்தது தப்பில்லை. அவரை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

பரீட்சை முடியும்வரை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதை அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ பேசவிடவில்லை. நீ பேசியதற்குப் பிறகு எனக்கும் பேசப் பிடிக்கவில்லை.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். இனி எழுத வேண்டாம்.

*

பிப்ரவரி 21

அண்ணா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதியே ஆக வேண்டும். இந்தத் தடவை சண்டைக்கு இல்லை.

போன கடிதத்தில் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன். அம்மாவுடைய செல் என்று தெரிந்த அதிர்ச்சியில், அந்தச் செல்லைப் பற்றி ஐந்து வருடமாக எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, நம் வீட்டுக்கும் சம்பந்தப்பட்டது என்பது மூளையில் ஏறவே இல்லை. உன் பதில் வந்து இரண்டு நாள் கழித்துப் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. வாயில் நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நிதானமாகப் படி. ஒவ்வொரு செல்லின் மேலேயும் ஏற்பிகள் என்று சில புரதங்கள் இருக்கின்றன. லிஃப்டுக்கு வெளியே இருக்கும் பட்டன் மாதிரி என்று வைத்துக்கொள். வெளியிலிருந்து ஒரு சேதி வந்து அதை அழுத்தினால்தான் உள்ளே "வளரு, இரண்டாகப் பிரி" என்று உத்தரவு போகும். அழுத்தவில்லை என்றால் செல் சும்மா இருக்கும். நாற்பத்தொன்றில் அந்த மாதிரி ஒரு பட்டனைச் செய்யும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அது அழுத்தியபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரும் கூப்பிடாமலே உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். அப்படித்தான் கட்டி வந்தது.

அந்த ஏற்பியை அடைக்க மருந்து இருக்கிறது. போட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு செல்கள் செத்துப்போகும். மீதி நான்கு சாகாது. நெருக்கடி வந்துவிட்டது என்று தெரிந்ததும் புதிதாக எதையும் செய்வதை நிறுத்திவிடும், தன்னுடைய பாகங்களையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டு, மருந்து குறைவதற்காகக் காத்திருக்கும். அந்த நான்கை எப்படிக் கொல்வது என்பதுதான் என் ஐந்து வருட வேலை. கட்டி வந்த பிறகு முழுசாக ஒழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று புரியத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது முக்கியமானது. அந்த எழுத்து மாற்றம் சில பேருக்குக் கட்டியில் மட்டும் தானாக வந்திருக்கும். அப்படியென்றால் பிள்ளைகளுக்குப் பயமில்லை. வேறு சில பேருக்குப் பிறக்கும்போதே உடம்பு முழுவதும் இருந்திருக்கும். அப்படியென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவுக்கு இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. வங்கியில் கட்டி மட்டும்தான் இருக்கிறது, ரத்தம் இல்லை.

உனக்கு நாற்பது வயது. உனக்கு வந்திருந்தால் உன் பாப்பாவுக்கும் வந்திருக்கலாம். அவளுக்குப் பதினொன்று. இந்த வயதில் தெரிந்தால் கட்டி வருவதற்கு முன்பே அந்தச் சுரப்பியை எடுத்துவிடலாம். அப்புறம் தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். தெரியாமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு நாள் கூட இருந்து பார்த்தவன் நீ.

தயவுசெய்து ரத்தம் கொடு. உன் கழுத்தை இன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டு. அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைல் உன்னிடம்தான் இருக்க வேண்டும். அதில் இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார். என் மேல் கோபம் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். பாப்பாவுக்காகச் செய்.

அம்மா போன பிறகு நான் வந்து சேர்ந்த அன்று கத்தியது நினைவிருக்கிறது. என்ன கத்தினேன் என்பது முழுதாக நினைவில்லை. எதுவாக இருந்தாலும் மன்னித்துவிடு.

தங்கை

*

மார்ச் 2

தங்கைக்கு,

ஃபைலைப் பார்க்கச் சொன்னாய். அது என் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருந்தது. ஆறு வருடமாக நான் அதைத் திறக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் உன் அண்ணியை எடுத்துத் தரச் சொன்னேன். எனக்குக் கை வரவில்லை.

அதில் ஸ்கேன், ரத்தச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் இருந்தன. கடைசியில் மடித்த ஒரு காகிதம் இருந்தது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "இந்த வகைக் கட்டி மரபு வழியாக வரக்கூடியது. தங்கள் ரத்தப் பரிசோதனையில் மாற்றம் உறுதியாகியுள்ளது. தாங்கள் பெற்ற பிள்ளைகள் அனைவரும் தாமதமின்றிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்." கீழே அம்மா துணியில் குறி போடும் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "சின்னவளுக்கு. பரீட்சை முடிந்ததும்."

அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று இந்தக் காகிதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நான் கீழே வண்டி பிடிக்கப் போயிருந்தேன். அவர் மடித்து உள்ளே வைத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதினொரு நாளில் போய்விட்டார்.

ஆறு வருடம் இது என் வீட்டில் இருந்திருக்கிறது. நான் தினம் திறந்து மூடும் பீரோவில். படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தேன். உன் அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

பாப்பாவுக்கும் எனக்கும் பரிசோதனை தேவையில்லை. ஏன் என்று இப்போது சொல்லியாக வேண்டும். அம்மாவின் எழுத்தைத் திரும்பப் பார். "பிள்ளைகளுக்கு" என்று எழுதவில்லை. "சின்னவளுக்கு" என்றுதான் எழுதியிருக்கிறார்.

நான் அம்மாவுக்குப் பிறந்தவன் இல்லை. என்னைப் பெற்றவர் எனக்கு இரண்டு வயது ஆவதற்குள் இறந்துவிட்டார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டுதான் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். எனக்கே பதினேழு வயதில்தான் தெரியும். தொழிற்பயிற்சியில் சேரப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதில் தாய் பெயர் வேறாக இருந்தது. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மெஷினிலிருந்து காலை எடுக்காமலே பார்த்தார். "பேரு வேற இருந்தா என்னடா? உன் சட்டை அளவு யாருக்குத் தெரியும், எனக்கா அந்தக் காகிதத்துக்கா?" என்றார். அதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம், நீ என்னை அண்ணன் என்று மட்டும் பார்க்கட்டும் என்று ஒரு தடவை சொன்னார். அப்போது உனக்கு எட்டு வயது.

அன்று நீ என்ன கத்தினாய் என்பது உனக்கு நினைவில்லை என்கிறாய். எனக்கு நினைவிருக்கிறது. வாசலில் அத்தனை பேர் நின்றார்கள். "பெத்த பொண்ணு நான் உயிரோட இருக்கேன். முடிவு பண்ண நீ யாரு?" என்று கேட்டாய். அம்மா எப்போதோ உன்னிடம் சொல்லியிருக்கிறார், நீ அதை இத்தனை நாள் மனதில் வைத்திருந்து, சரியான சமயம் பார்த்து என் முகத்தில் எறிகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் உன்னை ஒதுக்கினேன். ஃபைலைத் திறக்காததற்கும் காரணம் அதுதான். முடிவு பண்ண நான் யார் என்று கேட்டுவிட்டாயே, எனக்கு எதற்கு அவர் காகிதம் என்று இருந்தது.

இப்போது உன் கடிதத்தில் எனக்கும் பாப்பாவுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருப்பதைப் படித்த பிறகுதான், உனக்கு எதுவுமே தெரியாது என்பது புரிந்தது.

நான் செய்தது பெரிய தப்பு. அதைப் பிறகு பேசலாம். நீ இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாய். அத்தனை பக்கத்தில் ஓர் இடத்தில்கூட உன் ரத்தத்தைப் பார்த்தாயா என்று இல்லை. அம்மா பெற்றது உன்னை மட்டும்தான். பார்த்தாயா? ஒரு வரி எழுது. நான் உன் எண்ணைத் திறந்துவிட்டேன், ஆனால் போனில் என்னால் பேச முடியாது. எழுதினால்தான் அழித்துவிட்டுத் திரும்ப எழுத முடிகிறது.

அண்ணன்

*

மார்ச் 14

அண்ணா,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தின் படிக்கட்டில் நின்றுகொண்டு படித்தேன். பாதியில் உட்கார்ந்தேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என்னைச் சுற்றிப் போனார்கள்.

எனக்குத் தெரியாது. அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சத்தியமாகத் தெரியாது. அந்த வார்த்தை உன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் என் உடம்பு கூசுகிறது. நான் கேட்டது, வெளியூரில் இருந்ததால் என்னை ஒதுக்கிவிட்டாயே என்ற அர்த்தத்தில். அதற்கு வேறோர் அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் நினைவில் இருப்பதெல்லாம், நான் கத்தக் கத்த நீ ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குள் போனது மட்டும்தான். திமிர் என்று நினைத்தேன்.

நீ என் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டவன். முதல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஓடியவன். அதில் எந்த இடத்தில் நான் பிரித்துப் பார்த்திருக்க முடியும்?

நீ கேட்டதற்குப் பதில். பார்க்கவில்லை. உன் கேள்வி வரும்வரை பார்க்கவில்லை. என் கன்னத்திலிருந்து எடுத்த மாதிரி, நான் வேலை செய்யும் மேசையிலிருந்து நாலடி தூரத்தில், குளிர்பெட்டியின் இரண்டாவது தட்டில் ஒரு மாதமாக இருந்தது. சோதித்துப் பார்க்க இரண்டு நாள் போதும். பாப்பாவுக்காகச் செய் என்று உனக்கு உபதேசம் பண்ணிவிட்டு, தினம் அந்தப் பெட்டியைத் திறந்து வேறு எதையாவது எடுத்துக்கொண்டு மூடினேன். உன் பீரோவைப் பற்றி இனி நீ மன்னிப்புக் கேட்காதே. எனக்கும் ஒன்று இருந்தது.

படிக்கட்டிலிருந்து எழுந்து போய் நானே செய்தேன். டெக்னீஷியன் தான் செய்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஐந்து வருடத்தில் அந்த ஓர் எழுத்தை எத்தனையோ தடவை திரையில் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் மாதிரியில் அதே இடத்தில் அதே எழுத்து இருந்தது. கொஞ்ச நேரம் நாற்பத்தொன்றின் தாளைத்தான் தப்பாகத் திறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே என் பெயர் இருந்தது.

முப்பத்தொரு வருடமாக அது என் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. எங்கள் டெக்னீஷியன் என்னை நல்ல ஆரோக்கியமான ஆள் என்றுதானே கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தத்தை அவர்களும் தனியாகப் பார்த்து உறுதி செய்தார்கள். கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சின்னக் கட்டிகள். பெரியது ஏழு மில்லிமீட்டர். வெளியே பரவிய மாதிரி தெரியவில்லையாம். திறந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இருபத்தெட்டாம் தேதி சுரப்பி முழுவதையும் எடுக்கிறார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் இப்படிப் பேசிட்டிருக்க மாட்டேன்" என்றார்.

நான் பயப்படுகிறேன். அந்த நான்கு செல்களைப் பற்றி எனக்கு அளவுக்கு மீறித் தெரியும்.

உன் தங்கை

*

மார்ச் 19

பொடிசுக்கு,

மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். எட்டு மாடிக் கட்டடத்தில் எந்த லிஃப்டாவது நின்றால் நடக்கட்டும், உடம்புக்கு நல்லது.

இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். உன் அண்ணியும் வருகிறேன் என்கிறாள், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதனால் நான் மட்டும். ஆஸ்பத்திரியில் கூட யார் என்று கேட்டால் என் பெயரையும் எண்ணையும் கொடு.

அம்மாவுக்கு வந்த காகிதத்தையும் கொண்டுவருகிறேன். உன் டாக்டருக்கு உதவும்.

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். நானும் பயந்துபோய்த்தான் இருக்கிறேன். சேர்ந்து பயப்படலாம்.

அண்ணன்

*

மே 11

அண்ணா,

நீ போய் நான்கு வாரமாகப் போகிறது. குழாயில் இப்போது சொட்டுவதில்லை. குளியலறைக் கதவும் முனகாமல் மூடுகிறது. சும்மா உட்கார்ந்திரு என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அதுவும் குரலே இல்லாத தொண்டையோடு. நீ கேட்காத மாதிரி ஸ்க்ரூ டிரைவரோடு சுற்றினாய்.

குரல் பாதி திரும்பிவிட்டது. காலையில் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருக்கும், பத்து மணிக்கு மேல் மனுஷக் குரலாகிவிடும். போன வாரம் ரத்தம் பார்த்தார்கள். அந்த வகைக் கட்டி ரத்தத்தில் கலக்கும் பொருளின் அளவு, கருவி காட்டக்கூடிய எல்லைக்கும் கீழே போய்விட்டது. கழுத்திலிருந்து கூடவே எடுத்த நிணக் கணுக்கள் எதிலும் கட்டி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. "இப்போதைக்கு நல்லாயிருக்கீங்க" என்றார் டாக்டர். அந்த "இப்போதைக்கு" என்ற வார்த்தையை எடுத்துவிடச் சொல்ல முடியாது. நானே நூறு கட்டுரையில் அதை எழுதியிருக்கிறேன்.

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். அம்மாவின் செல்களை என்ன செய்வது என்று எங்கள் பேராசிரியர் என்னிடமே விட்டுவிட்டார். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம், அல்லது நிறுத்திவிடலாம் என்றார். அவர் முகத்தில் அதிர்ச்சி இன்னும் போகவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார், நான்தான் இறந்துபோன மாதிரி. அம்மா சம்மதித்துக் கொடுத்தது, தொடரலாம் என்று சொல்லிவிட்டேன். இன்குபேட்டரைத் திறந்து குடுவையை எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. தெரிந்தவை செல்கள்தான். நீ சொன்னது சரி.

ஏற்பியை அடைக்கும் மருந்தோடு, நெருக்கடியில் அவை செய்யும் தந்திரத்தைத் தடுக்கும் இன்னொரு மருந்தையும் சேர்த்துப் போட்ட குடுவையில், பிழைத்தவை நூற்றுக்கு நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கின்றன. இரண்டு தடவை வந்துவிட்டது. மூன்றாவது தடவையும் வந்தால் நம்புவேன்.

இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் உறை வந்தது. என்னுடைய அடுத்த சீட்டு என்று நினைத்துப் பிரித்தேன். மேலே உன் பெயர். "நோயாளியின் உடன்பிறந்தவர். மாற்றம் காணப்படவில்லை." மாதிரி எடுத்த தேதி மார்ச் 28.

நான் உள்ளே அறுவை மேசையில் இருந்தபோது நீ வெளியே ரத்தம் கொடுத்திருக்கிறாய். இந்தச் சோதனையில் உனக்கு என்ன முடிவு வரும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாற்றம் உன்னிடம் இருக்க வழியே இல்லை. தேவையில்லை என்று ஒரு வரியில் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். அம்மாவின் காகிதத்தையும் கையிலேயே வைத்திருந்தாய்.

அந்த உறையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சமையலறையில் நின்றேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது. ஏன் கொடுத்தாய்?

பொடிசு

*

மே 18

பொடிசுக்கு,

உறை என் விலாசத்துக்கு வரும் என்று நினைத்தேன். அந்த நர்ஸ் உன் விலாசத்தை எழுதிக்கொண்டது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லி மாற்றியிருப்பேன்.

நடந்தது இதுதான். உன்னை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நீலச் சுவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாருமில்லை. ஒரு சின்ன டாக்டர் அட்டையும் பேனாவுமாக வந்தார். உன் பெயரைச் சொல்லி, "இவங்களுக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

நியாயமாகப் பார்த்தால் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் அதற்காகத்தான் கேட்டார். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் நீ உள்ளே கழுத்தைத் திறந்து வைத்துப் படுத்திருக்கிறாய். அந்த நேரத்தில், அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, அவளுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்று எப்படிச் சொல்வது? "நான் இருக்கேன்" என்றேன்.

"அப்ப நீங்களும் ரத்தம் குடுக்கணும்" என்றார்.

சட்டைக் கையை மடித்து நீட்டிவிட்டேன்.

அந்த நர்ஸ் ஊசி குத்தத் தெரியாதவள். இரண்டு தடவை குத்தினாள். மூன்று வாரம் கன்றிப்போய்க் கிடந்தது. ஊருக்கு வந்ததும் உன் அண்ணி பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். லிஃப்ட் கதவு இடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. நீயும் அப்படியே சொல்லிவிடு.

அண்ணன்